தொடக்கப் பள்ளியில் பி.டி. பீரியடு: நெல்லைப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

நெல்லை மாவட்டத்தில் ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். மானூர், களக்காடு, இராதாபுரம் என்று எந்த ஒன்றியமாக இருந்தாலும் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், சில ஊர்களில் மூன்று பேர். உடற்கல்விக்கென்று தனியாக ஆள் கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டமே பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான் சொல்கிறது, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஆகவே தமிழும் கணக்கும் எடுக்கிற நீங்களேதான் பி.டி. சார், நீங்களேதான் பி.டி. டீச்சர்.

அதே சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டுத் திடல் இருக்கிறது, சுற்றுச்சுவர் அல்லது வேலி இருக்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ற விளையாட்டுப் பொருள்களும் இருக்கின்றன. அதனால் தயங்காமல் கேளுங்கள், உரிமைப்பட்டதைத்தான் கேட்கிறீர்கள்.

ஆனால் எல்லாம் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் ஒரு கல்வியாண்டே ஓடிவிடும். நான் பார்த்தவரை திடல் சின்னது, சாமான் குறைவு என்பதெல்லாம் இரண்டாவது பிரச்சினை. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பந்து போய்வருவதுதான் முதல் பிரச்சினை. நாற்பது நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் வரிசையில் நின்று மூக்கை நோண்டியது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கீழே சொல்கிற எல்லாமே அந்த நிற்கிற நேரத்தைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

முதலில் பீரோவைத் திறங்கள்

சேர்ந்த வாரத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டு, விளையாட்டுச் சாமான் இருக்கிற பீரோவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் காற்றுப்போன இரண்டு கால்பந்து, முடிச்சு விழுந்த ஸ்கிப்பிங் கயிறுகள், பிரிக்காத கேரம் போர்டு, பிளாஸ்டிக் பை கூடக் கழற்றாத டென்னிகாய்ட் வளையங்கள் இருக்கும். புதிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அவை வாங்கிய நாளிலிருந்து பிள்ளைகள் கைக்குப் போகவே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் ஸ்டாக் ரிஜிஸ்டர். பந்து கிழிந்துபோனால் ஆடிட்டில் கேட்பார்களே என்ற பயத்தில் சாமான் உள்ளேயே கிடக்கிறது. இதற்கு மருந்தும் அதே ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. பந்து, கயிறு, கோன் எல்லாம் தேய்ந்து தீரும் பொருள்கள். எது எப்போது கிழிந்தது, உடைந்தது என்று அந்தந்த மாதமே தேதி போட்டு எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானமாகப் பதிந்து, உறுப்பினர்கள் கையெழுத்தும் வாங்கிவிட்டால் கேட்கிறவருக்குக் காட்ட ஆதாரம் இருக்கும். கிழிந்த பந்தையும் ஆடிட் முடியும்வரை ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். இந்த ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியரிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, எழுதுகிற வேலையையும் நீங்களே ஏற்றுக்கொண்டால் சாவி தானாக உங்கள் கைக்கு வரும்.

காற்றுப்போன பந்துக்கு வருவோம். பம்பும் ஊசியும் இல்லாத பள்ளிகளே அதிகம். பந்து வாங்குவதற்கு முன் அவற்றை வாங்குங்கள், ஊசி மட்டும் நாலைந்து. காற்றடிக்கும்போது ஊசியை ஒரு சொட்டுத் தண்ணீரிலோ தேங்காய் எண்ணெயிலோ நனைத்து, வால்வுத் துளைக்கு நேராகப் பிடித்து, லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். காய்ந்த ஊசியைச் சாய்வாகக் குத்தினால் வால்வு உள்ளே கழன்று விழுந்துவிடும். அப்புறம் அந்தப் பந்தில் ஏற்றுகிற காற்று மறுநாள் காலைவரைகூட நிற்காது. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், அந்த அளவு காற்றுப் போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கல்மாதிரி இறுகிய பந்து வலிக்கும். ஒரு தடவை மூஞ்சியில் பட்டுவிட்டால் பிறகு பந்து என்றாலே ஒதுங்கிப் போவார்கள்.

திடலை நடந்து பாருங்கள்

உங்கள் பள்ளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஆவணத்தில் பார்ப்பதைவிடக் காலால் நடந்து பார்ப்பது நல்லது. காலையில் ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை. வேப்ப மரத்து நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, பந்து எந்தப் பக்கம் போனால் ரோட்டுக்கோ கிணற்றுக்கோ போகும் என்றெல்லாம் தெரிந்துவிடும்.

மண்ணைப் பார்த்துதான் விளையாட்டை முடிவுசெய்ய வேண்டும். திசையன்விளை, உவரிப் பக்கம் மணல். அங்கே விழுந்தாலும் அடிபடாது, தாண்டுவதற்கும் கபடிக்கும் நல்ல இடம், ஆனால் பந்து தரையில் பட்டு எழும்பாது. அதனால் பிடித்து எறிகிற ஆட்டங்களாகப் பாருங்கள். கரிசல் மண் உள்ள ஊரென்றால் மழை பெய்த பிறகு திடலில் காலே வைக்க முடியாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, பிள்ளையின் பாதம் மாட்டுகிற அளவுக்குப் பிளவு விழும். அங்கே ஒரு டிராக்டர் லோடு செம்மண் அடித்துப் பரப்ப ஊரில் ஆள் பிடிப்பது முதல் வேலை. ஆற்றோரத்து ஊர்களில் பள்ளி சின்ன வளாகத்துக்குள் அடங்கியிருக்கும், பக்கத்தில் கோயில் முன்வெளியோ சர்ச் மைதானமோ இருக்கும். அதைப் பயன்படுத்தலாம், ஆனால் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "சரி சார், விளையாடட்டும்" என்று சொன்னவர் கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் பந்தல்கால் நட்டபிறகு வேறு மாதிரிப் பேசுவார். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சுவரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சுவரில் பந்தடித்து விளையாடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்டம். வெடிப்பு விட்ட சுவர், சாய்ந்த சுற்றுச்சுவர், பயன்படுத்தாத பழைய கட்டடம் இருந்தால் அந்தச் சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளிக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று சொல்லிவையுங்கள். அன்றைக்கே தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னதோடு நிறுத்தக் கூடாது.

முள் அடுத்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள், செருப்போடு ஓடுவதைவிட அதுவே நல்லதும்கூட. ஆனால் உடைமுள்ளும் நெருஞ்சியும் சும்மா விடாது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கல் பொறுக்கச் சொல்லலாம். முள் வெட்டுவது, புதர் அழிப்பது பெரியவர்கள் வேலை. புதருக்குள் பாம்பு கிடக்கும்.

கோடு போடுவது

கபடிக் களம் பெரியவர்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். தொடக்கப் பள்ளிக்கு அது வேண்டியதில்லை. 8 மீட்டருக்கு 6 மீட்டர் போட்டுக்கொண்டால் ஒரே திடலில் இரண்டு களம் வரும், நிற்கிற பிள்ளை குறையும். கோ-கோவையும் இப்படியே சுருக்கலாம். கம்பம் நடாதீர்கள், ஓடி வந்து மோதுவார்கள். இரண்டு பக்கமும் கோன் வைத்தால் போதும்.

சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலப்பொடி போதும், அதையும் குனிந்து குனிந்து போட வேண்டாம். அடியில் துளைபோட்ட பழைய பெயின்ட் டப்பாவை ஒரு கம்பில் கட்டி, தட்டிக்கொண்டே நடந்தால் கோடு விழும். தினம் போடும் பாடு வேண்டாம் என்றால் மண்வெட்டியால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறி அதில் செங்கல் பொடியை நிரப்புங்கள், மழைவரை தாங்கும்.

சிமென்ட் தளம் போட்ட வராண்டா இருந்தால் ஒரு டப்பா எனாமல் பெயின்ட் வாங்குங்கள். பாண்டிக் கட்டங்கள், 1 முதல் 100 வரை எண் ஏணி, பெரிய கடிகாரம், உயிரெழுத்து வட்டம் ஆகியவற்றை வரைந்துவிட்டால் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புக்கும் உதவும், மழைக்காலப் பி.டி.க்கும் உதவும். மழை பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில் இதை விட்டால் வேறு கதியில்லை.

பணம் எங்கிருந்து வரும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான்களுக்கென்று தனி மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. ஆண்டுக்கு ஆண்டு வழிமுறை மாறும், ஆகவே அந்த ஆண்டுச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கி முழுவதும் படியுங்கள். பணம் வரும் என்று நம்பியே உட்காரவும் வேண்டாம். 2024-25இல் ஒன்றிய அரசின் பங்கே தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றுபோனது.

5,000 ரூபாய் வந்தால் என்ன செய்வது? கடைக்காரர் முதலில் ஒரு கிரிக்கெட் செட்டைத்தான் எடுத்து வைப்பார். "பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் சார்" என்பார். மரியாதையாக, "வேண்டாம் அண்ணாச்சி, பந்து காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். கிரிக்கெட்டில் ஒருவன் அடிப்பான், ஒருவன் போடுவான், மற்ற அத்தனை பேரும் வெயிலில் நிற்பார்கள். தொடக்கப் பள்ளிக்கு அதைவிட வீணான ஆட்டம் இல்லை என்பது என் முடிவு. கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

பணத்தில் பாதியை ரப்பர் பந்துக்கும் பிளாஸ்டிக் பந்துக்குமே கொடுங்கள், இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து என்கிற கணக்கில். ஒரே ஒரு நல்ல கால்பந்து வாங்குவதாக இருந்தால் அளவு பார்த்து வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 5ஆம் எண், அது பெரியவர்கள் ஆடுவது. எட்டு வயதுக்குள் 3ஆம் எண்ணும் அதற்கு மேல் பன்னிரண்டு வயதுவரை 4ஆம் எண்ணும்தான் சரியாக இருக்கும். அப்புறம் சாசர் கோன் (தட்டு மாதிரித் தட்டையான கோன்) ஒரு செட், ஸ்கிப்பிங் கயிறு பத்துப் பதினைந்து, டென்னிகாய்ட் வளையம் கொஞ்சம், இரண்டு விசில். நீளக் கயிற்றை ஸ்போர்ட்ஸ் கடையில் வாங்காதீர்கள். கயிற்றுக் கடையில் கட்டாக வாங்கி வெட்டிக்கொண்டால் பாதிச் செலவில் முடியும். இழுபோட்டிக்குத் தேங்காய் நார்க் கயிறு கையைக் கிழிக்கும், பருத்திக் கயிறாகப் பாருங்கள்.

காசே இல்லாமல் சேர்கிற சாமானும் நிறைய. தையல் கடையில் துண்டுத் துணியைச் சும்மாவே கொடுப்பார்கள். பழைய காலுறைக்குள் அதை இறுக்கித் திணித்துத் தைத்தால் துணிப்பந்து தயார். எறிபந்துக்கு அதைவிடப் பாதுகாப்பான பந்து கடையில் கிடைக்காது. சைக்கிள் டயர், ரேஷன் சாக்கு, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் எல்லாம் உதவும். பனங்காடு உள்ள ஊரில் சாய்ந்த பனை கிடைத்தால் ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு துண்டு அறுக்கச் சொல்லி, சிராய் போகச் செதுக்கி, பாதி மண்ணில் புதைத்து வையுங்கள். மேலே நடந்து பழக அருமையான தடி. செதுக்காமல் மட்டும் போட்டுவிடாதீர்கள், பனஞ்சிராய் காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இன்னொரு விஷயம் பலருக்கும் மறந்துபோயிருக்கும். 2024இல் தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கப்பட்டது, 33 வகைப் பொருள்கள். உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். ஊர் இளைஞர்கள் கையில் இருந்தால் நல்லது, அவர்களையே சனிக்கிழமை பள்ளிக்கு வரச் சொல்லலாம். அலுவலக மூலையில் இருந்தால் எழுத்து எழுதிக் கொடுத்து இரவல் கேளுங்கள்.

பீரியடை நடத்துவது

இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒன்றாகத்தான் திடலுக்கு வரும். எல்லாரையும் ஒரே ஆட்டத்தில் விட்டால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை இடித்துத் தள்ளிவிடுவான். திடலை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, இரண்டு வகுப்புகள் நிழலில் பந்தும் கயிறும். மூன்றாம் வகுப்பு நொண்டி, தாண்டல். நாலும் ஐந்தும் பெரிய ஆட்டம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் அடித்துப் பெரியவர்களில் இரண்டு பேரைச் சின்னப் பிள்ளைகளுக்கு உதவிக்கு அனுப்புங்கள்.

எந்த ஆட்டம் என்று கேட்டால் நான் கிளித்தட்டைச் சொல்வேன். சாமான் வேண்டாம், கோடு போதும். நீளவாக்கில் ஒரு நடுக்கோடு, குறுக்கே பெரியவர் காலால் நாலு எட்டுக்கு ஒரு கோடாக ஐந்தாறு கோடு. காக்கிற அணியில் கோட்டுக்கு ஒருவர் நிற்பார், நடுக்கோட்டில் ஓடுகிறவர் கிளி. எதிரணி தொடுபடாமல் கட்டம் கட்டமாகக் கடந்து கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும். பன்னிரண்டு பேர் ஆடினால் பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கும். ஏமாற்றி ஓடுவது, சட்டென்று நிற்பது, பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டே நகர்வது எல்லாம் இதில் தானாக வரும். ஊர்ப் பெரியவர்களுக்கு இதன் விதிகள் தெருவுக்குத் தெரு மாறும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பீரியடு சண்டையில் போய்விடும்.

அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்கிற விதியை எல்லா ஆட்டத்திலும் மாற்றிவிடுங்கள். மெதுவாக ஓடுகிற பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும், அதற்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை. ஐந்து தடவை கயிறு தாண்டிவிட்டு உள்ளே வரலாம் என்று வையுங்கள். ஆண்டு விழாவில் மியூசிக்கல் சேர் வைத்தே ஆகவேண்டும் என்று ஊரில் அடம்பிடிப்பார்கள், அந்த ஒரு நாள் விட்டுக்கொடுக்கலாம்.

நாலாம் வகுப்புக்கு வந்ததுமே பெண்பிள்ளைகள் ஓரமாகப் போய் உட்கார ஆரம்பிப்பார்கள். அணி பிரிக்கும்போதே கலந்து பிரித்தால் பாதி சரியாகிவிடும். மாற்றுத்திறன் குழந்தை இருந்தால் வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியரிடம் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம், என்ன கூடாது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்குத் துணிப்பந்துக்குள் இரண்டு சலங்கை வைத்துத் தைத்தால் சத்தம் கேட்டுப் பிடிக்கும்.

நேரத்தைப் பற்றி. டைம்டேபிளில் பி.டி. எப்போதும் கடைசிப் பீரியடாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அம்பாசமுத்திரம், களக்காடு மலையடிவாரத்தில் சாரல் அடிக்கும்போது அது பரவாயில்லை. மார்ச், ஏப்ரலில் காலை முதல் பீரியடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலை உணவு சாப்பிட்ட உடனே ஓடவிடாமல் அரைமணி நேரம் விடுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் என்றால் ஆடிக் காற்றில் ஷட்டில் காக்கும் பிளாஸ்டிக் பந்தும் வேறு ஊருக்குப் பறந்துவிடும். அந்த மாதங்களில் ஓட்டம், கபடி, கிளித்தட்டு. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பீரியடில் அது வராது. காலை வழிபாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஓட்டமும் மதிய இடைவேளையில் பீரோச் சாவியும் இருந்தால் கொஞ்சம் கிட்டப் போகலாம்.

அடிபட்டால்

முதலுதவிப் பெட்டி திடலுக்கு வர வேண்டும், ஆபீஸில் பூட்டிக் கிடக்கக் கூடாது. சிராய்ப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், காப்பித்தூள் அப்ப விடாதீர்கள். சுளுக்கை உருவிவிடக் கூடாது, ஈரத்துணி சுற்றி அசையாமல் வையுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தாலும், பாம்பு கடித்தாலும் உடனே 108. கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், பெரிய அளவில் தேவைப்பட்டால் அங்கிருந்து ஹைகிரவுண்டுக்கு, அதாவது பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். என்ன நடந்தாலும் பெற்றோருக்கு முதல் போன் உங்களிடமிருந்துதான் போக வேண்டும், பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லித் தெரியக் கூடாது.

யாரைப் பிடிப்பது

பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் பி.இ.டி. சாரை (உடற்கல்வி ஆசிரியரை) அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அளவு டேப், பழைய பந்து, ஒரு மணி நேர யோசனை எல்லாம் அவரிடம் கிடைக்கும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. நன்றாக ஓடுகிற பிள்ளை கண்ணில் பட்டால் எங்கே சேர்ப்பது என்று அங்கே விசாரிக்கலாம்.

ஆனால் திடல் சமாச்சாரம் நகர வேண்டுமென்றால் பள்ளி மேலாண்மைக் குழுதான். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கம் அம்மாமார்கள் பலர் பீடி சுற்றுகிறவர்கள். சுற்றின பீடியைக் கம்பெனியில் கொண்டு போய்க் கொடுக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் கையெழுத்துப் போட மட்டும் ஓடிவந்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எந்த நேரம் தோது என்று கேட்டுவிட்டு வையுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுவதைவிடத் திடலுக்குக் கூட்டிப்போய் முள்ளையும் பள்ளத்தையும் காட்டுங்கள். டிராக்டர் வைத்திருக்கிறவர் யார், கம்பிவேலிக்குக் கல்தூண் தருகிறவர் யார் என்பது அங்கேதான் பேச்சில் வரும்.

குழுத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவில் "விளையாட்டுத் திடல் வசதி செய்து தரவும்" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் வேலி, எத்தனை லோடு மண், எந்தச் சுவர் இடிக்கப்பட வேண்டும் என்று தனித்தனியாக எழுதி, போட்டோவும் இணையுங்கள். ஊராட்சித் தலைவரிடம் கொடுக்கும்போது நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அன்றைக்கே பார்த்துவிட்டு வாருங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த கிராம சபையில் அதே நகலோடு போக வேண்டியதுதான்.